நாலந்தாக் கற்களும் வழியில் மாண்டோரும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவின் அருகே, நாலந்தா என்னுமிடத்தில் சிறியதொரு கற்கோயில் நிற்கிறது. கெடிகே என்பது அதன் பெயர். கி.பி. 8-ஆம் நூற்றாண்டுக்கும் 10-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்ததென்பர். அதன் கட்டடமுறை மாமல்லபுரத்தை நினைவூட்டுவது. அங்கே வழிபடப்பெற்றவரோ புத்தர் பெருமான். இது எவருடையது என்று இன்று மேடைகளில் எழுப்பப்படும் வினாவை அதனைக் கட்டியோர் அறிந்திலர். தமிழர் அதனைத் தனியுரிமை கொண்டாடுவதும், ஏனையோர் அதன் தென்னிந்திய உருவை மறைத்துப் பேசுவதும் ஒருங்கே பேதைமை என்பதே எமது கருத்து.

மகாவலித் திட்டத்தின் கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, இக்கோயில் நீரில் அமிழ வேண்டியதாயிற்று. அதனைக் கல் கல்லாகப் பெயர்த்தெடுத்து, 1980-ஆம் ஆண்டளவில் மேட்டு நிலத்தில் மீண்டும் நிறுவினர். அவ்வுழைப்பை மனமாரப் பாராட்டுகின்றோம்.

அதே தெருவில் வடக்கே சென்றால், தம்புள்ளைக்கு அண்மையில் இப்பன்கட்டுவ ஈமக்காடு உண்டு. கற்பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த குழிகள். அவற்றுள் சாம்பல் கொண்ட தாழிகள். கூடவே சூதுபவள மணிகள். அச்செம்மணிக் கல் கடல் கடந்து வந்தது. கி.மு. 700-க்கும் 400-க்கும் இடைப்பட்ட காலத்தில் தம் இறந்தோரை இத்துணைப் பரிவோடு அடக்கிய மக்களின் எலும்புச் சாம்பலையும் இன்று அரசாங்கம் வேலியிட்டுக் காக்கிறது. நன்று.

ஆயின், இதே வழியால் வந்து மாண்ட வேறு சிலருக்கு வேலியும் இல்லை, கல்லும் இல்லை. 1820-களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழிநெடுகச் சாய்த்தன. வீழ்ந்தவரைப் புதைக்கவும் நேரமின்றிக் கூட்டம் நகர்ந்தது. மாத்தளைக்குப் புகையிரதம் வந்ததோ 1880-இல்தான்.

இவர்கள் தொல்லியலின் கண்ணில் படாமைக்கு ஒரு சட்டக் காரணமும் காட்டப்படலாம். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2-ஆந் திகதிக்கு முற்பட்டனவற்றையே தொல்பொருளென வரையறுத்தது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு மாறிய நாள் அது. தோட்டத் தமிழரின் வரலாறு அந்தக் கோட்டுக்குச் சில ஆண்டுகள் பிந்தித் தொடங்குகிறது! எனினும், அக்கோட்டுக்குப் பிந்திய வெள்ளையர் காலக் கட்டடங்கள் பல, பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக வர்த்தமானியில் இடம்பெற்றுள்ளன. துரைமாரின் மாளிகைக்குத் திறந்த கதவு கூலிகளின் புதைகுழிக்கு ஏன் அடைபட வேண்டும்?

2023 ஜூலை 28-ஆந் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டோர், ஓகஸ்ட் 12-ஆந் திகதி மாத்தளையை அடைந்து, முன்னோர் நடந்த பாதையை மீள நடந்து காட்டினர். அரசாங்கத்தை நாம் கேட்பது இதுவே: அப்பாதையை ஆராய்ந்து வரைபடமிடுக, தங்குமடங்களும் புதைகுழிகளும் இருந்த இடங்களைக் கண்டறிந்து குறியிடுக. எமது வாசகருள் நில அளவையாளரும் ஆசிரியரும் உளர். வழியோரத்தில் உழும் கமக்காரரும் உளர். கொழுமுனையில் பழங்கல்லோ ஓடோ தட்டுப்பட்டால், அதனை வரப்பில் எறிந்துவிடாமல் இடத்தைக் குறித்து வைத்துத் தெரிவிக்குமாறு அவர்களை வேண்டுகின்றோம்.