பல்லுக்குக் கம்பி கட்டுவது ஹராமா?



போன கிழமை ஒரு தாய் பாடசாலைக்கு வந்தார். மகளுக்குப் பத்து வயது. மேல் முன்பற்கள் நன்றாக முன்னுக்கு வந்திருக்கின்றன. பிள்ளை சிரித்தால் கையால் வாயை மூடுவாள். காலைக் கூட்டத்தில் ஓதச் சொன்னால் பின்னுக்குப் போய் ஒளிவாள். "டொக்டரிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டேன். "இல்ல சேர், கம்பி கட்டுறது ஹராமாம். அல்லாஹ் தந்த பல்லை மாத்தக் கூடாதாம்" என்றார்.

இப்படிச் சொல்லித் திரிகிறவர்களிடம் கேட்கிறேன்: ஹதீஸை முழுமையாக வாசித்தீர்களா? புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் கண்டிக்கப்படுவது *அழகுக்காகப்* பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவது. சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ செய்தால் குற்றமில்லை என்று இமாம் நவவி விளக்கியிருக்கிறார். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) வெள்ளியில் மூக்கு வைத்தார். அது நாற்றமெடுத்தபோது தங்கத்தில் வைக்கச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஆணுக்குத் தங்கம் தடையான மார்க்கத்தில்தான் இந்த அனுமதி. நீங்கள் ஒரு சிறுமியின் பல்லுக்குத் தடை போடுகிறீர்கள்!

அடுத்த கூட்டம், "கலியாணம் பேசும்போது பார்ப்பம்" என்பவர்கள். அப்போது காலம் கடந்திருக்கும். தாடை வளர்கிற வயதில்தான் அந்த வளர்ச்சியைப் பயன்படுத்திச் சரிசெய்யலாம். வளர்ந்து முடிந்த பிறகு பல் பிடுங்க வேண்டி வரலாம், மோசமானால் தாடையில் ஒப்பரேஷன்கூட வரலாம். முன்னுக்கு நிற்கும் பல், விழுந்தால் முதலில் உடைகிற பல்லும்கூட. இது ஆண் பிள்ளைக்கும் பொருந்தும். பல் என்ன, சீதனச் சாமானா?

மூன்றாவது, "பால் பல்தானே, விழுந்திடும்." இந்தப் பிழையை நானும் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். பால் கடைவாய்ப்பல் சூத்தை பிடித்து முந்தியே போனால், பின்னால் உள்ள பல் சரிந்து வந்து அந்த இடத்தைப் பிடித்துவிடும். பிறகு வரும் நிரந்தரப் பல்லுக்கு இடமிருக்காது. ஆறு வயதில் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல் பால் பல் இல்லை. வாழ்நாளுக்கும் அதுதான்.

எல்லாப் பிள்ளைக்கும் கம்பி தேவை என்று நான் சொல்லவில்லை. லேசான கோணலை விட்டுவிடலாம். டொக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? இப்போதா, பொறுத்தா? கழற்றி மாட்டும் பிளேட் போதுமா, ஒட்டுக் கம்பிதான் வேணுமா? பிளேட் சின்னத் திருத்தத்துக்குத்தான், அதுவும் பிள்ளை போட்டால்தான் வேலை செய்யும். ஒட்டுக் கம்பி பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம். மாதமொரு தடவை போல் கிளினிக் போகவேண்டும். முடிந்த பிறகும் பல் திரும்பிப் போகாமலிருக்க ரிடெய்னர் போடவேண்டும். சூத்தைப் பல்லை முதலில் அடைக்கவேண்டும். இதற்குத் தயாரில்லாமல் நகையை அடகு வைத்துத் தொடங்கி, பாதியில் விடாதீர்கள்.

இணையத்தில் பார்த்து ரப்பர் வளையம் மாட்டும் பிள்ளைகளே, அது முரசுக்குள் ஏறி நல்ல பல்லையே விழுத்திவிடும்.

புலமைப்பரிசில் வகுப்புக்கு மாதாமாதம் காசு கட்டுகிறோம். காசு கேட்காத பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போக நேரமில்லையா? ஏழு, எட்டு வயதில் ஒரு தடவை காட்டுங்கள். தேவையென்றால் அவர்களே விசேட வைத்தியரிடம் அனுப்புவார்கள்.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. 1990இல் துரத்தப்பட்டு, பல வருடம் கழித்து வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்கள் இங்கே அதிகம். நீராவிப்பிட்டியிலிருந்தோ செட்டிகுளத்திலிருந்தோ மாதாமாதம் தூர ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அன்றைய கூலி போச்சு. பள்ளிவாசலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து மாதம் ஒரு வேன் பிடிக்க முடியாதா? கந்தூரிக்குப் பிடிக்கிறோமே!

அந்தத் தாயிடம் கிளினிக் போகச் சொல்லியிருக்கிறேன். ஊர் வாய்க்குப் பயந்து அவர் நின்றுவிட்டால், அந்தப் பிள்ளையின் மூடிய வாய்க்கு நாளை பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.