மண்ணுக்கும் ஓய்வு வேண்டும்

மண்சரிவினால் வீடு வாசலை இழந்தவர்களுக்கு மாற்றுக் காணி கொடுக்கும்போது, அம்மலை சரியுமா என்று பரிசோதிக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நேர்ந்த பேரழிவுக்குப் பின் இதன் அவசியத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த மண்ணில் பயிர் வேர் பிடிக்குமா என்று கேட்பவர் யார்?

ஊவாவில் இது வீண் கேள்வியல்ல. தேயிலை வேருக்குள் புகுந்து அதை அழிக்கும் நூற்புழு ஒரு மில்லிமீற்றர் நீளம்கூட இல்லாதது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் அதனை ஆராய்ந்த லூஸ் என்பவரின் பெயரால் 1960இல் ‘பிரட்டிலென்கஸ் லூசி’ எனப் பெயர் பெற்றது. மண்ணின் வெப்பம் 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரை இருந்தால் நன்றாகப் பெருகும். ஆகவே சுமார் 900 முதல் 1,800 மீற்றர் வரை உயரமான மலைகளே அதற்கு ஏற்ற இடம். பண்டாரவளையும் அப்புத்தளையும் இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன.

புழு தாக்கிய செடி மஞ்சளித்து, கொழுந்து குறைந்து, பூவும் காயுமாக நிற்கும். கவ்வாத்துக்குப் பின் சரியாகத் துளிர்க்காது. வேர் பழுதானதால் வறட்சியையும் தாங்காது. ஊவாவின் ஆனி, ஆடி, ஆவணி வெயிலில்தான் உண்மை வெளிப்படும்.

இப்புழு தானாக அதிக தூரம் ஊர்வதில்லை. தவறணைக் கன்றின் மண்ணிலும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணிலும் நாமே அதைச் சுமந்து செல்கிறோம். மழை வெள்ளமும் கொண்டு செல்கிறது. புதுக் காணிக்குப் பழைய தோட்டத்துக் கன்றைக் கொண்டு போகுமுன் இதை நினைவில் கொள்ளுங்கள். வீட்டுத் தோட்டத்தில் தக்காளி, போஞ்சி வேர்களில் முடிச்சுகள் கண்டால், அது வேறு இன நூற்புழுவின் வேலை. அச்செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள்.

பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மானாப்புல் அல்லது குவாத்தமாலாப் புல்லை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வளர்த்து, வெட்டி அங்கேயே பரப்பி, பின்பு கன்று நடுவதே அறிந்த வழி. புழு உணவின்றிக் குறையும். மண்ணும் வளம் பெறும். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லும் லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரம் நமக்குப் புதிதல்லவே.

ஆனால் நிலம் ஓய்வெடுக்கும் அந்த இரண்டு ஆண்டுகளும் அடுப்பு எரிய வேண்டாமா? கையில் ஒன்றுமில்லாத குடும்பத்திடம் பொறுத்திருக்கச் சொல்வது நியாயமல்ல. எனவே காணி வழங்குவோர் மண்ணையும் வேரையும் பரிசோதித்தே வழங்க வேண்டும். புல் வளரும் காலத்துக்கு வாழ்வாதார உதவியும் தர வேண்டும் என்பது எமது கருத்து. காணி உறுதி மட்டும் சோறு போடாது. இவ்விரண்டையும் உங்கள் சங்கக் கூட்டங்களில் ஒன்றுசேர்ந்து கேளுங்கள். இது பிச்சையல்ல, உரிமை.