சட்டமும் நாமும்: ஒரு பழைய வழக்குரைஞர் கம்பெனி

கார் நிக்கோபாரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தீவில் சொந்த நிலம் இல்லை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, நிருவாகத்தின் முன் அனுமதியின்றி வெளியார் எவரும் இங்கே நிலம் பெற இயலாது. இம்மண் நிக்கோபாரியரின் ‘துகெத்’ என்னும் கூட்டுக் குடும்பங்களுக்கு உரியது, அதுவே நியாயமுமாகும். ஆகவே நம்முடைய வீடு, வயல், பாகப்பிரிவினை, உயில் யாவும் கடலுக்கு அப்பால் தாயகத்தில் கிடக்கின்றன. அவற்றின் காகிதங்களை யார் கையில் ஒப்படைப்பது என்பது நமக்குச் சிறு கேள்வியன்று.

இதை எண்ணும்போது சென்னையின் கிங் அண்டு பார்ட்ரிட்ஜ் என்னும் வழக்குரைஞர் கம்பெனி நினைவுக்கு வருகிறது. 1908இல் தோன்றி நூறாண்டைக் கடந்து நிற்பது அது. ஆங்கிலப் பெயர் அப்படியே நிற்க, நடத்துவோர் நம் நாட்டவர். நம்மைப் போன்ற எளிய குடும்பங்கள் தம் அரைக் காணி வழக்கை அங்கே கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகைய நிறுவனம் எதனால் நிலைக்கிறது என்று அறிந்தால், நம் ஊர் வக்கீலைத் தேர்வதற்கும் அது உதவும்.

பழமை மட்டும் வலிமையாகிவிடாது. அக்கம்பெனி தோன்றுவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1906 அக்டோபரில், சென்னையின் பழம்பெரும் வணிக நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி திடீரென வீழ்ந்தது. பெயரை நம்பிப் பணம் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. முதலீட்டாளர்களுக்காக வழக்காடியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் முன்னின்ற முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். புகழ்பெற்ற பெயர் ஒன்றையே பிணையாகக் கொண்டால் என்ன நேரும் என்பதைச் சென்னை அன்று கண்டுகொண்டது.

அக்காலத்து உயர் நீதிமன்றத்தில் அட்டர்னிகள் என்றொரு பிரிவினர் இருந்தனர். எழுந்து நின்று வாதாடிப் பெயர் பெற்றவர்கள் பாரிஸ்டர்கள். கட்சிக்காரரின் வரலாற்றைக் கேட்டு, பத்திரங்களைத் தேடி, தேதி வரிசைப்படுத்திக் கட்டாகக் கட்டிக் கொடுத்தவர்கள் அட்டர்னிகள். 1961ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தம் அப்பிரிவை நீக்கி அனைவரையும் வழக்குரைஞராக்கிவிட்டது. ஆயினும் அந்தப் பழைய தொழிலின் உயிர் கட்டுக் காப்பதிலேதான் இருந்தது. தனி வக்கீல் ஒருவர் கண்மூடினால் அவர் அலமாரிக்கு யார் பொறுப்பு? மகன் வேறு தொழிலுக்குப் போயிருப்பான். குமாஸ்தாவும் ஊரைவிட்டுப் போயிருப்பார். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமும் பங்காளி ஒருவர் இறந்தால் கூட்டு கலைந்துவிடும் என்றே சொல்கிறது. மாறான ஒப்பந்தம் இருந்தால்தான் தொடரும். எனவே நூறாண்டு நின்ற ஒரு கூட்டு, ஒவ்வொரு தலைமுறையிலும் தனக்குப் பின் வருவோரை முன்கூட்டியே சேர்த்துக்கொண்ட கூட்டாகும். மேலும், கூட்டின் தொழிலில் ஒரு பங்காளி செய்ததற்கு ஏனைய பங்காளிகளும் பொறுப்பாளிகள். ஒருவரையொருவர் கண்காணிக்க அதைவிட வேறு காரணம் வேண்டுமா?

இன்னொன்று. மருந்துக்கும் சோப்புக்கும் விளம்பரம் செய்யலாம்; வழக்குரைஞர் செய்யலாகாது. வழக்குரைஞர் கழக விதி அதைத் தடுக்கிறது. ஆகவே வக்கீலின் புகழ் கட்சிக்காரரின் வாய்வழியாகவே பரவ வேண்டும். கட்சிக்காரர் சொன்ன இரகசியத்தை அவருடைய சம்மதமின்றி வக்கீல் வெளியிடக்கூடாது என்பதும் சட்டம். அந்தக் கடமை வழக்கு முடிந்த பின்னும் தொடரும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் போய் 2024 ஜூலை முதல் புதிய சட்டம் வந்த பின்பும் இம்முறை மாறவில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் இத்தீவின் வீடுகளை எவ்வாறு வாரிச் சென்றது என்பதை இங்குள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தகரப் பெட்டியும் அதோடு போயிற்று. பதிவான பத்திரமாயின் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். பதிவு செய்யாத உயில், அண்ணன் தம்பிகள் கையெழுத்திட்ட கடிதம், வரி ரசீது ஆகியவற்றுக்கு அந்த வழி இல்லை. வக்கீலின் கட்டில் ஒரு நகலாவது இருந்தால்தான் உண்டு.

ஆகையால் அடுத்த விடுமுறையில் கப்பலேறும் அன்பர்கள் தம் வக்கீலிடம் சிலவற்றைக் கேட்டு வரலாம். தமக்குப் பின் கட்டுகளைப் பார்ப்பவர் யார்? கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் கையெழுத்திட்ட பட்டியல் கிடைக்குமா? செலவுக்கென்று வாங்கிய பணத்துக்குத் தனிக்கணக்கு உண்டா? இவற்றைக் கேட்பது அவமரியாதையன்று. நல்ல வக்கீல் முகம் சுளிக்க மாட்டார். தாயகத்தில் உள்ள உறவினருக்குப் பத்திரம் பதியும் அதிகாரம் அளிப்பதானால், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அந்த அதிகாரப் பத்திரம் நாம் குடியிருக்கும் எல்லைக்குரிய பதிவு அலுவலர் முன் எழுதி உறுதிபெற வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்திட்டு அனுப்பும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதை இன்றே நிறுத்துக.