யோக்கியதைச் சந்தேகம்

எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மைக் காண வந்திருந்தார். அவர் மகள் சர்க்கார் பள்ளியில் படித்து, நீட் பரீட்சையிலும் தேறி, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, முதல் வருஷப் பரீட்சையில் எல்லாப் பாடங்களிலும் தேறியும் விட்டாள். அப்படியிருக்க, லீவுக்கு வந்த பெண், "அப்பா, ஏதோ தவறி எனக்கு இந்த இடம் கிடைச்சிருச்சு. என்னைக்காவது எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். அதுக்கு முன்னாடி நானே வந்துடறேன்" என்று அழுகிறாளாம். "பிள்ளை வதைபடுவதற்கு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் சொல்லுகிறார்கள், ஐயா, தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்றார்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகின்றோம். ஏனெனில் இது ஒரு வீட்டுச் சங்கதி மாத்திரமல்ல.

தேறியவர்களே தம்மைப் போலி என்று எண்ணிப் பயப்படும் இம்மனநிலையை அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்னும் இரண்டு மனோதத்துவ அறிஞர்கள் 1978-ல் ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்தது படிப்பிலும் உத்தியோகத்திலும் மேன்மையடைந்த 150-க்கு மேற்பட்ட பெண்களை. கையில் பட்டமிருந்தும் அப்பெண்களில் பலர் அதற்குக் காரணம் அதிர்ஷ்டம், யாரோ செய்த தவறு என்றே எண்ணியிருந்தார்கள். ஆகவே இது புத்தி குறைந்தவர்க்கு வருவதல்ல. புத்தியில்லாதவனுக்கு இச்சந்தேகம் வந்து நாம் பார்த்ததுமில்லை.

நிற்க. நம் நாட்டில் இச்சந்தேகத்திற்கு ஒரு தனி ஊற்று இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இருவர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் செய்து 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. "மேல்" ஜாதிப் பையன்கள் 321 பேர், "கீழ்" ஜாதிப் பையன்கள் 321 பேர். காகிதத்தில் வரைந்த சிக்கல் வழிகளைக் கண்டுபிடிப்பதே அவர்களுக்குக் கொடுத்த வேலை. ஜாதியை வெளியிடாதபோது இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், ஜாதி ஆகியவற்றை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு வேலையைக் கொடுத்தபோதோ, "கீழ்" என்னப்பட்ட பிள்ளைகள் பின்தங்கிப் போனார்கள். ஜாதியைக் கூவினதும் மூளை சுருங்கிவிடுமா? சுருங்கினது மூளையல்ல, தைரியம். 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெயருக்குப் பின்னால் தொங்கும் ஜாதிப் பட்டத்தை விட்டுவிடவேண்டுமென்று தீர்மானித்ததை விளையாட்டு என்று சிரித்தவர்கள் இந்த ஆராய்ச்சியைப் படிக்கட்டும்.

இன்று கல்லூரியில் ஜாதியை நேரே கேட்பதில்லை. "நீ எந்தக் கோட்டா?" என்று கேட்கிறார்கள்! 2020-ல் சட்டசபை செய்த சட்டம் அது. 2022-ல் ஐகோர்ட்டும் செல்லுமென்றது. தனியார் கல்லூரிகளில் வெளிநாட்டு இந்தியர்க்கென்று 15 சதவீதம் வரை இடம் ஒதுக்கலாமென்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்திருக்கிறதே, 7.5-க்கு இரண்டு பங்கு! அதில் பணமிருந்தால் மார்க்கு வரிசையில் வெகுதூரம் பின்னாலிருப்பவர்க்கும் இடமுண்டு. அப்படிச் சேர்ந்த பிள்ளை எதுவாவது, "நான் இதற்கு யோக்கியதையுள்ளவனா?" என்று தகப்பன் மடியில் அழுததாக நாம் கேள்விப்பட்டதில்லை. உள்ளே போனபின் எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே தேர்ச்சி மார்க்கு. அதில் இந்தப் பெண் தேறியிருக்கிறாள்.

அவளுக்குக் கஷ்டமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. தமிழில் படித்த பிள்ளை தடித்தடியான இங்கிலீஷ் புத்தகங்களைத் திறந்தால் மலைக்கத்தான் செய்யும். ஆனால் தெரியாதது வேறு, தகுதியில்லாதது வேறு. முன்னது ஆறு மாதப் பாடுபட்டால் தீரக்கூடியது. பின்னது அவளுக்கு மற்றவர் கட்டிவிட்ட பெயர்.

மருந்தென்னவென்றால், தனியே வைத்துப் புழுங்காமல் வாய்விட்டுச் சொல்லுவதே. அந்த அமெரிக்கப் பெண்மணிகளும், இதே அச்சமுள்ளவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் செய்வதே நல்லதென்று எழுதினார்கள். அவள் விடுதியிலேயே சர்க்கார் பள்ளியிலிருந்து வந்த பெண்கள் பலர் இருப்பார்கள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்தியே போலி என்று வாய்மூடிக் கிடப்பாள். இவள் முதலில் பேசட்டும். சந்தேகம் எழும்போதெல்லாம், "இதை முதலில் எனக்குச் சொன்னவர் யார்? அவருக்கு இதில் என்ன லாபம்?" என்று கேட்டுப் பார்க்கட்டும்.

தோழர் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். லீவு முடிகிற அன்று தாமே பஸ்ஸில் கூடப்போய் விட்டுவருவதாகச் சொன்னார். அன்றைக்கு மில்லில் ஷிப்டு, ஒரு நாள் சம்பளம் போகுமாம். போகட்டும் என்றார்.