சத்தத்தை அடக்குவதா, காரணத்தைக் கண்டறிவதா?



பழைய அம்பாசடர் காரை இன்றும் பேணிக் காத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவாகி, 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியின் பழைய மாதிரிகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். மிதித்தவுடன் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அது சில வேளைகளில் கிறீச்சிடும். அந்தச் சத்தத்தை நாம் என்ன செய்கிறோம் என்பது நம் சபை வாழ்வுக்கும் பொருந்துகிற கேள்வி என்று கருதுகிறேன்.

சத்தம் எவ்வாறு பிறக்கிறது? சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிரம்முக்குள் பிறைவடிவான இரண்டு பிரேக் ஷூக்கள் உள்ளன. மிதிக்கும்போது வீல் சிலிண்டர் அவற்றை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. ஷூவின் மேலுள்ள லைனிங் டிரம்மின் உட்சுவரில் உராய்ந்து வண்டியை நிறுத்துகிறது. அந்த உராய்வு சீராக இராமல் பிடித்தும் வழுக்கியும் நடந்தால் ஷூ நடுங்குகிறது. டிரம் மணியைப்போல அதிர்ந்து ஒலிக்கிறது.

நடுக்கத்திற்குக் காரணம் ஒன்றல்ல. லைனிங் தூள் உள்ளே சேர்ந்திருக்கலாம். அதிகச் சூட்டினால் லைனிங் கண்ணாடிபோல் பளபளத்து இறுகியிருக்கலாம். ஷூக்களை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். டிரம் வட்டம் குலைந்திருக்கலாம். மழை பெய்த இரவுக்குப்பின் காலையில் மட்டும் கேட்டு, சில முறை மிதித்ததும் மறையும் சத்தம் மெல்லிய துருவினால் வருவது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இரும்பு அரைபடும் கரகரப்பு கேட்டால், லைனிங் தேய்ந்து ரிவெட்டோ ஷூவின் இரும்போ டிரம்மைத் தொடுகிறதாக எண்ண வேண்டும். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டலாகாது.

ஆகவே நல்ல மெக்கானிக் முதலில் கேட்கிறார்: எந்தச் சக்கரம்? காலையிலா, சூடேறிய பிறகா? பின்பு டிரம்மைக் கழற்றிப் பார்க்கிறார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், தூளை ஊதிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைக்கிறார். பின்தட்டில் ஷூ உரசும் இடங்களில் சூட்டைத் தாங்கும் கிரீஸைத் துளியளவே தடவுகிறார். அதே கிரீஸை லைனிங்கில் பூசினால் சத்தம் அடங்கக்கூடும், வண்டியோ நிற்காது. கிறீச்சிடும் பிரேக்கைவிட, ஓசையின்றி வழுக்கும் பிரேக் கொடியது.

பிரியமானவர்களே, லைனிங்கில் கிரீஸ் பூசும் பழக்கம் நம் சபைகளிலும் உண்டு. கணவனிடம் அடிபடும் சகோதரி அழுதுகொண்டு வரும்போது, "பொறுத்துப் போ அம்மா, ஜெபம்பண்ணு" என்று அனுப்பிவிடுகிறோம். சபைக் கணக்கைக் கேட்கும் வாலிபனுக்குக் கலகக்காரன் என்று பெயர் சூட்டுகிறோம். சத்தம் அடங்குகிறது, அதைச் சமாதானம் என்று அழைக்கிறோம். ஜெபம் தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. கேளாமலும் பாராமலும் இருப்பதற்கு ஜெபத்தைச் சாக்காக்குவது தகாது என்கிறேன்.

சீலோவில் அன்னாளின் உதடுகள் அசைவதைக் கண்ட ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று தீர்த்துவிட்டார். அவளுடைய பதிலைக் கேட்டபின்பே அது துயரத்தின் ஜெபம் என்று அறிந்து, அவளை ஆசீர்வதித்து அனுப்பினார். எரிகோவின் வழியருகே கூப்பிட்ட பர்திமேயுவை ஜனங்கள் அதட்டினார்கள். நம் ஆண்டவரோ நின்றார், அவனை அழைப்பித்தார், அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனிடமே கேட்டார். அவன் பார்வையற்றவன் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும் கேட்டார்.

ஒவ்வொரு முறையீடும் பேராபத்தின் அறிகுறி அல்ல. காலைத் துருவைப்போல் தானே மறைவதும் உண்டு. ஆனால் திறந்து பாராமல் அதை அறிய இயலாது. இந்த வாரத்தில் உங்கள் இல்லத்திலோ சபையிலோ ஒருவர் முறையிட்டால், அறிவுரை கூறுமுன் மூன்று காரியங்களைக் கேளுங்கள்: எங்கே வலிக்கிறது? எப்போது தொடங்கியது? நாங்கள் என்ன செய்ய வேண்டுமென்று விரும்புகிறீர்கள்? அடிபடுகிற சகோதரியாயிருந்தால், முதலாவது அவரைப் பாதுகாப்பான இடத்தில் சேருங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கத் துணைநில்லுங்கள். அரைபடும் பிரேக்கோடு ஒருவரையும் மறுபடி சாலைக்கு அனுப்பாதிருங்கள்.

கூப்பிடுகிறவர்களுக்குச் செவிகொடுக்கும் தேவன், நமக்கும் கேட்கும் செவியைத் தந்தருள்வாராக. ஆமென்.