பி.டி. பீரியடைத் திருடாதீர்கள்!
2007-ல் இந்தியா 20 ஓவர் உலகக் கோப்பையை ஜெயித்ததே, அப்போது ஃபீல்டிங் கோச் யார்? சட்டென்று பெயர் வரவில்லை அல்லவா? நம்ம ராபின் சிங்!

பிறந்தது டிரினிடாட். படிக்க வந்த ஊர் சென்னை. 1987-88-ல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாடு அணியில் இருந்தவர். 1989-ல் இரண்டே இரண்டு ஒரு நாள் போட்டி ஆடவிட்டு, ஏழு வருஷம் ஒதுக்கி வைத்தார்கள். 1996-ல் திரும்பி வந்து, பாய்ந்து பாய்ந்து பந்தைத் தடுத்து, மொத்தம் 136 போட்டி ஆடிவிட்டார். 1998 டாக்கா ஃபைனலில் 315-ஐத் துரத்தியபோது 82 ரன். டெஸ்ட்? ஒன்றே ஒன்று.

அப்புறம் வாத்தியார் வேலை. இந்திய அணிக்கு ஃபீல்டிங், மும்பை இந்தியன்ஸுக்கு பேட்டிங். 2009-ல் இந்திய அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள். நாம் ஏன் என்று கேட்டோமா? கேட்ச் பிடித்தவருக்குக் கைதட்டல். பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு டாட்டா!

போர்டைத் திட்டுவது சுலபம். நம்ம வீட்டைப் பாருங்கள். அனந்தபுரமோ, அண்ணா நகரோ, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கினால் சந்தோஷப்படுகிற அப்பா அம்மாதானே நாம்? 'பி.டி. சாருக்கு என்ன வேலை, விசில் ஊதுறதுதானே' என்று சிரிப்பதும் நாம்தான். டி.வி. முன்னால் உட்கார்ந்து, 'கேட்ச்சை விட்டுட்டானே, தெண்டம்!' என்று கத்துவதும் நாம்தான்.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கைக் கேட்ட கையோடு, 'விளையாட்டு பீரியடு ஒழுங்கா நடக்குதா சார்?' என்றும் கேளுங்கள். அதைக் கேட்க வாய் வராவிட்டால், டி.வி. முன்னாலும் வாயைத் திறக்காதீர்கள்!