வழிமறிக்கப்பட்ட ஓலை

கும்மிடிப்பூண்டி ரயிலில் அத்திப்பட்டைக் கடப்பவர் கண்ணில் இன்று படுவது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்தான். ஆனால் இது பொன்னேரி வட்டம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஆண்டையே நெல்லால் பகுத்து வைத்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். பகல் குறுகினால்தான் பழைய சம்பா கதிர்விடும் என்பது அவர்களுடைய பட்டறிவு. இதே மாவட்டத்துத் திரூர்க்குப்பத்தில் பிறந்த டிகேஎம் 6 என்னும் நெல் ரகம், பிலிப்பைன்ஸுக்குப் போய் ஐஆர் 20-இன் பெற்றோரில் ஒன்றாகி, அந்தப் பிள்ளையின் வழியாக நம் வயல்களுக்கே திரும்பியது. களத்துக்குத் தெரிந்த பலவற்றுக்கு ஆய்வகம் காரணம் சொல்ல நெடுங்காலம் பிடித்திருக்கிறது.

1994-இல் அத்திப்பட்டு மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் எம்ஜிஆர் 1 என்னும் ஒட்டு நெல் வெளிவந்தது. அதன் தாய்ச்செடியின் மகரந்தம் மலடு. 1970-இல் சீனாவின் ஹைனான் தீவில் கிடைத்த ஒரு காட்டு நெல்லின் வழியாக வந்த குணம் அது. தந்தைச்செடி கலந்து பிறக்கும் பிள்ளையில் அந்த மலட்டுத்தன்மை நீங்கிவிடும். எப்படி என்பது 2014 வாக்கில்தான் ஓரளவு துலங்கியது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து மகரந்தத்தைக் கெடுக்கும் கட்டளை ஆர்என்ஏ வடிவில் புறப்படுகிறது. தந்தை தரும் மரபணுவோ, ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்ளும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதத்தை ஆக்குகிறது. அது இருக்குமிடத்தில் அந்தக் கட்டளை மெலிந்துபோகிறது. அரசன் மனத்தை மாற்றாமல் அவன் ஓலையை மட்டும் வழிமறிப்பது போன்ற வேலை.

செடியின் வளர்ச்சி நெடுகிலும் இந்த வழிமறிப்பு நடக்கிறது. அரபிடாப்சிஸ் என்னும் கடுகினத்துக் களையில், பூப்பதைத் தள்ளிப்போடும் மரபணுவை அடக்க உதவுவது எஃப்சிஏ என்ற ஆர்என்ஏ பிணைப்புப் புரதம்; 1997-இல் இங்கிலாந்தின் நாரிச்சில் அடையாளம் கண்டார்கள். அதே செடியில் ஜிஆர்பி7 என்றொரு புரதம் மாலைதோறும் பெருகுகிறது. அளவு மிஞ்சியதும் தன்னை ஆக்கும் ஆர்என்ஏவையே பற்றி, அதைப் பிழையாக வெட்டுப்படச் செய்து சிதையவிடுகிறது. தன் பெருக்கத்துக்குத் தானே அணைபோட்டு, மறுநாள் மாலை மீண்டும் எழுகிறது. பேரரசுகளுக்குக் கைவராத நிதானம் இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒட்டு நெல் தமிழகத்தில் பெரிதாகப் பரவவில்லை. அதன் விளைச்சலை எடுத்து வைத்து மறுபோகம் விதைத்தால், மலட்டை நீக்கும் மரபணு பிள்ளைகளுக்குள் பிரிந்துபோய், சில செடிகள் பதராகவே நிற்கும். ஒவ்வொரு போகத்துக்கும் புதுவிதை வாங்கியாக வேண்டும். விதைக்கோட்டை கட்டிக் காத்த குடிகளுக்கு அது ஒப்பாமல் போனதில் வியப்பில்லை.